கிரீஸ் கேட்கும் வண்டி, ஆயில் கேட்கும் வண்டி

புதுச்சேரியில் பழைய கார் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் மூன்று ஜாதி ஸ்பேனர் இருக்கும். பெஜோ, சித்ரோயன், ரெனோ வண்டிகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். மோரிஸ் வண்டிகளுக்கு விட்வொர்த். சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஏ.எஃப். எட்ட நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிப்போகும்; அப்புறம் உளியும் சுத்தியலும்தான் கதி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எஞ்சினைத் தொட விடவில்லை. ஸ்பேனர்களைப் பிரித்து அடுக்குவதுதான் வேலை.

அது அறுபதுகளின் கடைசி. என் மேஸ்திரி பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே தொழில் கற்றவர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிரெஞ்சு வண்டிகளுக்குச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஊரில் பணம் இருந்தவர்களில் பாதிப்பேர் சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பியவர்கள். அவர்களுக்கு வண்டி வேண்டும். நாட்டில் கார் செய்துகொண்டிருந்ததோ மூன்றே கம்பெனி: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். அம்பாசடர் பெரிசு, பெட்ரோல் குடிக்கும். ஃபியட்டுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் சின்ன வண்டி வேண்டும் என்று வந்தவர்கள் எங்கள் மேஸ்திரியிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பழைய மோரிஸ் மைனர் வாங்கலாமா, இல்லை ஹெரால்டா?"

இன்றைக்கும் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அப்போது கேட்டவர்கள் ஓட்டுவதற்குக் கேட்டார்கள். இப்போது கேட்பவர்கள் வைத்துக்கொள்வதற்குக் கேட்கிறார்கள்.

முதலில் மைனரைச் சொல்கிறேன். 1948-ல் லண்டன் கண்காட்சியில் வந்த வண்டி. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னால் மினி காரைப் படைத்தவரும் அவரே. உற்பத்திக்குப் போகிற நேரத்தில் வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டதாம். மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார்கள். போனட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டையான மேடு அதனால் வந்ததுதான். தயாராகியிருந்த பம்பர்களைக்கூட வீணாக்காமல், நடுவில் வெட்டித் துண்டு வைத்துத்தான் முதல் வண்டிகளில் மாட்டினார்கள். முதல் மைனரில் 918 சி.சி. சைடு வால்வு எஞ்சின். 1952-ல் 803 சி.சி., 1956-ல் 948 சி.சி. என்று மாறிக்கொண்டே போனது. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் இங்கே பொருத்தி விற்றது.

மோரிஸ் வண்டிகளில் புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு வருகிற சங்கதி ஒன்று உண்டு. 1923-ல் மோரிஸ் கம்பெனி கவன்ட்ரியில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. அது ஹாட்ச்கிஸ் என்கிற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை போடுபவை. இங்கிலாந்து மெக்கானிக்கிடமோ மில்லிமீட்டர் ஸ்பேனர் கிடையாது. அதனால் மரையை அப்படியே விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவுக்குச் செய்தார்கள். அந்த வழியில் வந்த பல மோரிஸ் எஞ்சின்களில் பிரெஞ்சு மரை, இங்கிலீஷ் தலை. அப்படிப்பட்ட எஞ்சின் உள்ள பழைய ஹிந்துஸ்தான் டென் வண்டியில் போல்ட் தொலைந்தால் வேறு ஊர் மெக்கானிக் லேத்துக்கு ஓடுவார். எங்கள் மேஸ்திரி பெஜோ சாமான் டப்பாவில் கையை விட்டுத் துழாவுவார். பெரும்பாலும் மரை சேர்கிற ஒன்று கிடைத்துவிடும்.

மைனரை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் ஸ்டியரிங்கை மறக்க மாட்டார்கள். ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்பக்கம் டார்ஷன் பார். வளைவில் நினைத்த இடத்துக்கு மூக்கு போய் நிற்கும். அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அதே குடும்பம். அம்பாசடருக்கும் முன்னால் டார்ஷன் பார்தான். அதனால் மைனரை அக்கக்காகக் கழற்றத் தெரிந்த பையனுக்கு அம்பாசடர் புதுசாகத் தெரியாது.

ஆனால் மைனரில் பிரேக் வேலை வந்தால் பட்டறையில் முகம் சுளிக்காதவர் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே, சேசிஸ் பெட்டிக்குள் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, தகட்டைக் கழற்றினால் ஆயில் ஊற்றும் மூடி தெரியும். சிலிண்டரையே வெளியே எடுக்க வேண்டுமென்றால் இரண்டு நீள போல்ட்டுகளை உருவ வேண்டும். போல்ட் வெளியே வருகிற வழியில் குறுக்கே நிற்பது டார்ஷன் பார். ஒரு ரூபாய் ரப்பரை மாற்றுவதற்கு முன்பக்க சஸ்பென்ஷனைத் தளர்த்தியாக வேண்டும். அரைநாள் வேலைக்கு வாங்கிய கூலியைக் கேட்டு ஒரு சொல்தா, "ரப்பருக்கா முசே இவ்வளவு?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மேஸ்திரி பதில் பேசவில்லை. அவரைப் பள்ளத்துக்குள் இறங்கச் சொல்லி, லைட்டைக் காட்டினார். மனிதர் மேலே ஏறி வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். வாடிக்கைக்காரரைப் பள்ளத்துக்குள் இறக்குவது என்ற பழக்கத்தை அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். பில் தகராறு வருவதே இல்லை.

ஹெரால்டு வேறு வம்சம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று 1959 ஏப்ரலில் வந்தது. தோற்றத்தை வரைந்தவர் தூரின் நகரத்து ஜொவானி மிகெலோத்தி. அந்தக் காலத்தில் எல்லாரும் மைனர் மாதிரி பாடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் மட்டும் தனி சேசிஸுக்குத் திரும்பினார்கள். காரணம் புத்திசாலித்தனம் இல்லை, நெருக்கடி. இவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை எதிராளியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியாகச் செய்து தர ஆள் இல்லாமல், துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து, கடைசியில் சேசிஸ் மேல் வைத்து போல்ட்டால் முடுக்கினார்கள். அந்தத் தரித்திரம்தான் பின்னால் எங்களுக்கு வரமாக வந்து சேர்ந்தது.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-லிருந்து 948 சி.சி. எஞ்சினோடு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று இதைச் செய்தது. வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் தொட்டுவிடலாம். 1968-ல் நாலு கதவு வைத்து மார்க் த்ரீ வந்தது. இங்கிலாந்திலேயே ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. பாட்டி, பேத்தி எல்லாரும் ஏறி இறங்கும் நம் குடும்பத்துக்காக இங்கே செய்தது. அதையே மாற்றி எழுபதுகளில் கஸல் என்று விட்டார்கள்.

ஹெரால்டின் போனட்டைத் தூக்கிக் காட்டினால் கூட்டம் கூடிவிடும். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் சரிசெய்யலாம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கண்ணுக்கு நேரே நிற்கும். மைனரில் அரைநாள் தின்ற வேலை இதில் டீ ஆறுவதற்குள் முடியும்.

திரும்புவதிலும் ஹெரால்டை அடிக்க ஆள் இல்லை. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் சுற்றிவிடும். துய்மா வீதியிலும் சுய்ஃப்ரேன் வீதியிலும் வீட்டு வாசலில் நிறுத்தி, திரும்பி வர வேண்டிய டாக்டர்களும் வக்கீல்களும் அதற்காகவே ஹெரால்டு வாங்கினார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் எச்சரிக்கை வேண்டும். பின் சக்கரங்கள் டிஃபரன்ஷியலிலிருந்து ஆடுகிற ஸ்விங் ஆக்சில். வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வால் வழுக்கும். பின் சீட்டில் ஆள் இருந்தால் ஓரளவு அடங்கி ஓடும். தனியாக ஓட்டுகிற இளைஞர்களிடம் மேஸ்திரி சொல்வார்: "தம்பி, வளைவுக்கு முன்னாடி பிரேக் போடு. உள்ளே போயிட்டா காலைத் தூக்காதே." மைனர்காரர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை.

இனி தலைப்புக்கு வருகிறேன். இரண்டு வண்டியிலும் முன் சக்கரத்தைத் தாங்குவது ஒரு மரை. டிரன்னியன் என்போம். நிற்கிற இரும்புத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு கட்டைக்குள் திருகி இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வண்டியின் முன் பாரம் முழுக்க அந்த இடத்தில் நிற்கிறது. மரை தேய்ந்தோ தண்டு முறிந்தோ போனால் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து படுத்துவிடும்.

மைனர் டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, தவறாமல். அடித்துக்கொண்டே இருந்தால் பத்திருபது வருஷம் அசையாது. ஹெரால்டில் அந்தக் கட்டை வெண்கலம். அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான். விற்பனைக்கு வந்தபோது கிரீஸே தேவைப்படாத வண்டி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதனால் டிரன்னியனில் நிப்பிள்கூட இருக்காது, சின்ன அடைப்புத்தான். அதைக் கழற்றி, நிப்பிளைப் போட்டு, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி அடிக்க வேண்டும். அடிக்கடி இல்லை, ஆறாயிரம் மைலுக்கு ஒரு தடவை. கிரீஸ் அடித்தால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. கிரீஸ் மரைக்குள் ஓடாமல் வாயிலேயே காய்ந்து நிற்கும். அடியில் மழைநீர் இறங்கும். இரும்புத் தண்டு மரையின் அடியில் துரு பிடித்து, அந்த இடத்திலேயே கீறல் விடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்கால ராத்திரி, அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஹெரால்டு முன் சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது என்று ஆள் வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்துக்கொண்டு போனோம். நல்லவேளை, வண்டி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது, யாருக்கும் அடியில்லை. முறிந்த தண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார் மேஸ்திரி. முறிவின் முக்கால்வாசி பழுப்பு, கால்வாசி மட்டும் பளபளப்பு. "பழுப்பு பழைய கீறல்டா. பளபளப்பா இருக்கிறது இன்னைக்கு ராத்திரி முறிஞ்சது." அந்தத் துண்டு மாசக்கணக்கில் முறிந்துகொண்டே ஓடியிருக்கிறது. உரிமையாளர் வண்டியைக் கவனிக்காதவர் இல்லை. மாதாமாதம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு நன்றாகக் கிரீஸ் அடித்துத்தான் ஓட்டியிருக்கிறார். அதுதான் வினை. மோரிஸுக்குப் பழகிய கை, ஹெரால்டுக்கும் அதையே செய்திருக்கிறது. இந்தத் தொழிலில் சோம்பேறியால் கெட்ட வண்டியைவிட, ஒரு வண்டியின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்த சுறுசுறுப்பால் கெட்ட வண்டியை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடலோர ஊரில் எஞ்சின் கடைசிக் கவலை. எஞ்சினை ரீபோர் பண்ணலாம், பேரிங் மாற்றலாம். பாடியைத் தின்பது உப்புக்காற்று. இந்த விஷயத்தில் மைனர் ஒரு கள்ளன். மேலே தகடு கனம், பெயிண்ட் மினுமினுக்கும். உள்ளே, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, டார்ஷன் பார் வந்து சேருகிற குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம் எல்லாம் செல்லரித்திருக்கும். பாடியே சேசிஸ் என்பதால், அந்தப் பெட்டியை வெட்டினால் வண்டியே தொய்யும். ஒரு பக்கம் வெட்டி வெல்டிங் பண்ணுவதற்கு முன்னால் கதவிடுக்கை அளந்து வைத்து, அடியில் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டிய வண்டிகளில் அப்புறம் கதவு சாத்தாது. குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் கடலைப் பார்த்து நின்ற மைனர் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. தூக்கும் இடம் பொத்துக்கொண்டு ஜாக்கித் தலை சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தது.

ஹெரால்டும் துருப்பிடிக்கும். சொல்லப்போனால் சீக்கிரமே பிடிக்கும், தகடு மெலிசு. ஆனால் ஒளிக்காது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும், குனிந்தால் தெரியும். போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேசிஸை மட்டும் தனியாக வேலை பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அதில் ஒரு வேப்பமரம் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றின் கூரையில் விழுந்து நடுவில் குழித்துவிட்டது. வேறு வண்டியாக இருந்தால் எடைக்குப் போட்டிருப்பார்கள். ஹெரால்டின் கூரையும் போல்ட்டில் நிற்பதுதான். முன் கண்ணாடிச் சட்டத்தையும் பின்பக்கத்தையும் விடுவித்து, கூரையைக் கழற்றித் தரையில் கவிழ்த்து, டிங்கர் அதை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டி எடுத்தார். திரும்ப வைத்தபோது ஒரு ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் ரெண்டு தகடு வைத்துத் தூக்கினோம், சரியாக உட்கார்ந்தது. கதவு சரியாகச் சேராத புது ஹெரால்டுக்குக் கம்பெனியிலேயே அந்தத் தகடு வைத்தியம்தான்.

எண்பதுகளில் இரண்டுக்கும் கெட்ட காலம். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பழையதைத் தள்ளினார்கள். ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய வண்டியைச் செய்து பார்த்தது. ரோவர் உடம்புக்குள் பழைய எஞ்சின். 1988-க்குள் அதுவும் நின்றது. அதோடு ஹெரால்டு சாமானும் வற்றியது. சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்ததை வாங்கி, மிச்சத்தைப் புதுப்பேட்டையில் பொறுக்கி, இரண்டும் இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து ஓட்டினோம். மைனருக்கு ஃபியட் எஞ்சினை ஏற்றிக் கொடுத்த பட்டறைகள் உண்டு. அன்றைக்கு அது சாமர்த்தியம். 2021-ல் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று ஒன்றிய அரசு விதி போட்டது, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து, பத்து வருஷத்துக்கு இருபதாயிரம் ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அன்றைய சாமர்த்தியம் இன்று வண்டியின் விலையைப் பாதியாக்குகிறது. மாற்றி எடுத்த எஞ்சினைத் தூக்கிப் போடாமல் மூலையில் வைத்திருந்தவர்கள்தான் பிழைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சாமான் விஷயத்தில் எண்பதுகளைவிட இப்போது நிலைமை தேவலை. ஹெரால்டு சேசிஸை வைத்துத்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1980 வரை செய்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் டிரன்னியன் இன்றும் புதிதாக வார்க்கப்படுகிறது. மைனர் பதினாறு லட்சத்துக்கு மேல் செய்த வண்டி. தரைத்தகடு முதற்கொண்டு இங்கிலாந்தில் கிடைக்கிறது. பார்சலில் வருகிறது, காசுதான் அதிகம். புதுத் தொல்லை பெட்ரோலில். இருபது சதவீதம் எத்தனால் கலந்தது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துப் பிய்க்கிறது. வண்டி கைமாறியதும் முதல் வேலையாக எரிபொருள் ஹோஸ் முழுவதையும் மாற்றிவிடுகிறேன்.

எது நல்ல வண்டி என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஓட்டுவதற்கு மைனர் ஒருபடி மேல். வளைவிலும், மேடு பள்ளத்திலும், கதவு சாத்துகிற சத்தத்திலும்கூட. பிழைக்க வைப்பதற்கு ஹெரால்டு. ஒன்றை நல்ல எஞ்சினியர் தன் ஆசைப்படி செய்தார், இன்னொன்றைக் கம்பெனி வேறு வழியில்லாமல் செய்தது. அரை நூற்றாண்டு கழித்துப் பட்டறைக்கு வருகிறபோது, செய்தவனின் திறமையைவிடக் கழற்றுகிறவனின் கைக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கோயம்புத்தூர் மாதிரி வறண்ட ஊரில் இருந்து கேட்டால் யோசிக்காமல் மைனர் என்பேன். புதுச்சேரிக்காரர் கேட்டால், வீடு பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயா மேற்கேயா என்று முதலில் விசாரிப்பேன். மேற்கே, மூடிய ஷெட் உண்டு என்றால் மைனர் வாங்கலாம். வாங்குவதற்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கட்டும். கிழக்கே, கடல் காற்று முகத்தில் அடிக்கிற வீடு என்றால் ஹெரால்டுதான். அதோடு ஒரு கிரீஸ் கன்னும் வாங்கி, அதில் கியர் ஆயிலை ஊற்றி, "கிரீஸ் போடாதே" என்று பெயிண்டில் எழுதித் தொங்கவிடச் சொல்வேன்.